அளவும் கெடுவும்

கடன் கொடுக்கல் வாங்கலில் தவணையைக் குறித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமெனத் திருக்குர்ஆன் அறிவுறுத்துகின்றது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அதுவே திருமறையின் மிக நீண்ட வசனமுமாகும். திருவள்ளுவரோ பொருட்பாலில் 'காலமறிதல்' என ஓர் அதிகாரத்தையே வகுத்தளித்துள்ளார். எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேரும்போதே ஒரு வாக்கு உறுதி பெறுகின்றது. இவ்வுண்மை, வணிக நிறுவனங்கள் கணிப்பொறியில் பேணிவரும் மதிப்பெண் அட்டைகளுக்கும் பொருந்தும். அவ்வட்டைகளில் கெடு நாளைக் குறிக்கும் முறையினை ஈண்டுக் காண்போம்.

மதிப்பெண் அட்டையின் தோற்றம்

இலாப நட்டக் கணக்கு, நடந்து முடிந்ததை மட்டுமே கூறும். வரவிருப்பதை அறிய அது போதாது. இக்குறையை நீக்கும் பொருட்டு அமெரிக்க அறிஞர்களான இராபர்ட் காப்லானும் டேவிட் நார்ட்டனும் 1992ஆம் ஆண்டு 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில் ஒரு திட்டத்தை வெளியிட்டனர். நிதி, வாடிக்கையாளர், உள்நடைமுறை, கற்றலும் வளர்ச்சியும் என்னும் நான்கு நோக்கில் ஒரு நிறுவனத்தை அளந்தறிவதே அத்திட்டம். 'பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு' என்று அது பெயர் பெற்றது.

தாளில் எழுதப்பட்ட இவ்வட்டை, பின்னர் எக்ஸெல் கட்டங்களுக்கும், அதன்பின் தனி மென்பொருள்களுக்கும் மாறியது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பவர் பிஐ மென்பொருளில் 2021ஆம் ஆண்டு இவ்வசதி சேர்க்கப்பட்டது. அதில் ஒவ்வோர் இலக்குக்கும் பொறுப்பாளர், தற்போதைய அளவு, அடைய வேண்டிய அளவு, நிலை, தொடக்க நாள், கெடு நாள் ஆகியவற்றைக் குறிக்கலாம். கட்டத்தில் ஒரு தேதியை இடுவது எளிது. எந்தத் தேதியை இடுவது என்பதே சிந்திக்கத்தக்கது.

மூன்று நாள்கள்

ஓர் அளவீட்டோடு தொடர்புடைய நாள்கள் மூன்று. எண் எந்தக் காலத்திற்குரியது என்பது முதலாவது. அவ்வெண்ணை எந்நாளுக்குள் பதிய வேண்டும் என்பது இரண்டாவது. இலக்கை எந்நாளுக்குள் எட்ட வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றை முறையே அளவீட்டுக் காலம், பதிவுக் கெடு, இலக்குக் கெடு என வழங்குவோம்.

ஜூன் மாத விற்பனையை எடுத்துக்கொள்வோம். ஜூன் 1 முதல் 30 வரை அளவீட்டுக் காலம். ஜூலை 5 பதிவுக் கெடு. மாத விற்பனை குறித்த உயரத்தை எட்ட வேண்டிய மார்ச் 31 இலக்குக் கெடு. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதினால் ஜூலை 5இல் பதிந்த எண் ஜூலைக் கணக்கிலேறும். ஜூன் வெறுமையாகும். வளர்ச்சி வீழ்ச்சியாகவும் வீழ்ச்சி வளர்ச்சியாகவும் தோன்றும்.

பதிவுக் கெடுவைக் குறிக்கும் முறை

பதிவுக் கெடுவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. மூலக் கணக்கு முடியும் நாள் ஓர் எல்லை. அவ்வெண்ணை வைத்து முடிவெடுக்கும் கூட்டம் மற்றோர் எல்லை. கூட்டம் 10ஆம் தேதி எனவும், சரிபார்ப்புக்கு இரண்டு நாள் வேண்டும் எனவும் கொண்டால் 8ஆம் தேதியைக் கடத்தலாகாது. மூலக் கணக்கு 4ஆம் தேதி முடியுமாயின் அதற்கு முன்னர் எண்ணைக் கேட்பதும் தகாது. அவ்வாறு கேட்டால் கிடைப்பது ஊகமே. கெடுவுக்கு அஞ்சி எழுதப்படும் ஊகம், உண்மை எண்ணின் உடையணிந்து அவையேறிவிடும். காலந்தாழ்ந்து வரும் எண்ணோ, முடிவு எடுக்கப்பட்ட பின்னர் வந்து சேரும் சாட்சியத்தை ஒக்கும்.

ஓர் எண் வேறு எண்களைச் சார்ந்திருப்பதும் உண்டு. ஊழியர் ஒருவருக்கான விற்பனையை அறிய விற்பனைக் கணக்கும் ஊழியர் எண்ணிக்கையும் தேவை. ஆகவே, அதன் கெடு அவ்விரண்டின் கெடுவுக்கும் பிந்தியதாதல் வேண்டும்.

மாதந்தோறும் ஒரே தேதியைக் குறிப்பதினும், 'காலம் முடிந்த ஐந்தாம் வேலை நாள்' என விதியாகக் குறிப்பதே சிறந்தது. ஆயின், வேலை நாள் எங்கும் ஒன்றன்று. சவூதி அரேபியாவில் 2013 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசு அலுவலகங்கள் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறின. அங்கே வெள்ளி அரைநாள் வேலை. பெருநாளோ பிறையைப் பொறுத்தது. பல நாடுகளில் கிளைகளுள்ள நிறுவனம், மென்பொருளின் விடுமுறை நாட்காட்டியைக் கிளைதோறும் ஆண்டுதோறும் திருத்தல் இன்றியமையாதது.

இலக்குக் கெடுவைக் குறிக்கும் முறை

இலக்கை எட்டும் நாளைப் பலரும் நிதியாண்டின் இறுதி நாளெனக் கண்மூடிக் குறித்துவிடுகின்றனர். இதற்கு மாற்றாக ஆராய்ந்து கண்ட வழியொன்று உண்டு. அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் என்னும் மின்னணுப் பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் ஷ்னைடர்மேன், 1980களின் இறுதியில் 'அரைவாழ்வு' முறையைப் பயன்படுத்தினார். ஒரு குறை பாதியாகக் குறைவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று காண்பதே இம்முறை. ஒரே துறைக்குள் தீரும் குறைக்குச் சில மாதங்கள் போதும். பல துறைகள் கூடித் தீர்க்க வேண்டியதற்கு ஏறத்தாழ 9 மாதங்களும், வெளி நிறுவனங்களும் சேர்ந்ததற்கு ஏறத்தாழ 18 மாதங்களும் ஆகும் என்பது அவர் கண்ட அளவு.

நூற்றுக்குப் பத்துச் சரக்குகள் தாமதமாகச் செல்கின்றன என்போம். அரைவாழ்வு 9 மாதமாயின், 9ஆம் மாதத்தில் ஐந்தும், 18ஆம் மாதத்தில் இரண்டரையுமாக அது குறையும். மூன்றே மாதத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டுமெனக் கெடு விதிப்போர், பணியாளரை உழைக்கத் தூண்டுவதில்லை. கணக்கைத் திரிக்கவே தூண்டுகின்றனர்.

சிவப்பின் இருவகை

கெடு கடந்ததும் மென்பொருள் சிவப்பு நிறம் காட்டும். எண் வராமையால் நேர்ந்த சிவப்பும், வந்த எண் இலக்கினும் குறைந்தமையால் நேர்ந்த சிவப்பும் வேறுவேறு. முன்னது பதிவு தவறியமை. பின்னது பணி தவறியமை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத அட்டை, கணக்கரின் குற்றத்தை உழைப்பாளி மீது சுமத்திவிடும். வெற்றிடத்தைச் சுழியமாகக் கருதுவதும் இத்தகைய அநீதியே.

கெடுவை நீட்டுதல் குற்றமன்று. கடன்பட்டவர் நெருக்கடியிலிருந்தால் அவகாசம் அளிக்க வேண்டுமென அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனமும் அறிவுறுத்துகின்றது. ஆயினும், பழைய கெடுவை அழித்துவிட்டுப் புதியதை எழுதுதல் கூடாது. முதற்கெடு, மாற்றிய கெடு, மாற்றியவர், காரணம் ஆகிய நான்கும் அட்டையில் நிலைபெற வேண்டும். நீட்டிப்பு வெளிப்படையாக இருக்கும்வரை அது அவகாசம். மறைக்கப்பட்டால் அது ஏமாற்று.

மென்பொருள் நினைவூட்டும், நிறம் காட்டும், நாளைக் கணக்கிடும். அந்நாள் நியாயமானதா என்று அது வினவாது. அதனை வினவ வேண்டியவர் மனிதரே. நாளை அலுவலகங்களில் பொறுப்பேற்கவிருக்கும் நம் மாணவர்கள், பிறருக்குக் கெடு விதிக்கும் உரிமையை ஓர் அமானிதமாகக் கருதுவார்களாக. அளவில் நேர்மையும் கெடுவில் நீதியும் அமையுமிடத்தில் வணிகம் தழைக்கும். உழைப்பவர் உள்ளமும் குளிரும்.