அண்மையில் அளந்து தொலைவை அறிதல்: கட்ட அணி ஆன்டெனாவின் திருத்தம்

ரேடார்களிலும் செயற்கைக்கோள்களிலும் பயன்படும் கட்ட அணி ஆன்டெனா, பல சிறு கதிர்வீச்சுக் கூறுகளை வரிசை வரிசையாகக் கொண்டது. ஒவ்வொரு கூறிலிருந்தும் புறப்படும் அலையின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் இருக்கும் நிலையை, மின்னணு முறையில் மாற்றி, ஆன்டெனாவை அசைக்காமலேயே கற்றையை வேண்டிய திசைக்குத் திருப்பிவிடலாம். எனினும் வடங்களின் நீளத்திலும் பெருக்கிகளின் திறனிலும் உள்ள சிறு வேறுபாடுகளும், அண்டைக் கூறுகள் ஒன்றையொன்று பாதிப்பதும் கட்டத்தைப் பிறழச் செய்வதால், கற்றை குறி தவறுவதோடு வேண்டாத திசைகளில் பக்கக் கற்றைகளும் வலுப்பெறுகின்றன.

இப்பிழைகளை அளக்கும் மரபான முறைக்குப் பெருந்தொலைவு தேவை. ஆன்டெனாவின் நீளத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் அந்தத் தொலைவு கிடைக்கும். இஸ்ரோ 2012 ஏப்ரல் 26 அன்று ஏவிய ரிசாட்-1 செயற்கைக்கோளின் ஆன்டெனா 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உடையது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 செ.மீ. இக்கணக்கின்படி அதற்கு ஏறத்தாழ 1.3 கி.மீ. இடைவெளி வேண்டும். அவ்வளவு பெரிய திறந்தவெளியில் தரையில் பட்டுத் தெறிக்கும் அலைகளும் வானிலையும் அளவீட்டைக் குலைக்கும்.

இதற்கு மாற்றான அண்மைப்புல முறையில், அலைகளை உறிஞ்சும் நுரைக்கூம்புகள் பதித்த அறைக்குள், ஆன்டெனாவுக்குச் சில அலைநீளத் தொலைவில் ஓர் உணர்முனை படிப்படியாக நகர்த்தப்பட்டு, அரை அலைநீளத்துக்கு மிகாத இடைவெளியில், ரிசாட்-1 அலைநீளத்தில் 2.8 செ.மீ.க்கு ஒருமுறை, அலையின் வீச்சும் கட்டமும் பதியப்படுகின்றன. முனை ஒரு மில்லிமீட்டர் முன்பின் விலகினாலே கட்டத்தில் 6 பாகைக்கு மேல் பிழை நேரும் என்பதால், அதைத் தாங்கும் சட்டம் மிகத் துல்லியமாக அமைய வேண்டும். உணர்முனையின் சொந்தப் பண்புகளால் புகும் பிழையைக் கணக்கிட்டு நீக்கும் கோட்பாட்டை அமெரிக்கத் தேசியத் தரநிலை அலுவலகத்தைச் சேர்ந்த டேவிட் கெர்ன்ஸ் 1960-களில் வகுத்தார்.

இத்தரவுகளை ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணித முறைக்கு உட்படுத்தினால் தொலைவில் கற்றை எவ்வாறு அமையும் என்பது தெரியும். அதே தரவுகளைக் கொண்டு ஆன்டெனாவின் பரப்புக்கே பின்னோக்கிக் கணக்கிட்டால் செயலிழந்த கூறும் கட்டம் பிறழ்ந்த கூறும் தனித்தனியே புலப்படும். ஒவ்வொரு கூறுக்கும் உரிய திருத்த மதிப்பு கட்டுப்பாட்டு நினைவகத்தில் பதியப்பட்டு, பிழை வரம்புக்குள் அடங்கும் வரை அளவீடு மீண்டும் நடத்தப்படுகிறது.

இடத்தை மிச்சப்படுத்துவதைவிட, பிழை எந்தக் கூறில் உள்ளது என்று சுட்டிக்காட்டுவதே இம்முறையின் பெரும்பயன். விண்ணில் ஏறிய ஆன்டெனாவைக் கையால் தொட்டுச் சரிசெய்ய இயலாது. ஆகவே தரையில் செய்யும் இந்தத் திருத்தத்தில் காலமும் பொருளும் செலவிடுவது முற்றிலும் தகும்.