முகவரியற்ற லயங்களும் முகவரி கேட்கும் பொய்ச் செய்திகளும்

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் உள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றுக்கு, தபால்காரர் நேரே வந்து கதவைத் தட்டக்கூடிய முகவரி இன்றுவரை இல்லை. கடித உறையின் மேல் பெறுநரின் பெயர், அவர் வசிக்கும் பிரிவு, தோட்டத்தின் பெயர், தபாலகம் அமைந்த ஊர் என்னும் நான்கு வரிகள் எழுதப்படுகின்றனவே அன்றி, லய இலக்கமோ காம்பரா என்னும் அறையின் இலக்கமோ வீதியின் பெயரோ பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆகவே அந்த நான்கு வரிகளும் சுட்டுவது ஒரு வீட்டையன்று, தோட்ட அலுவலகத்தையே. கடிதம் அங்கே போய்ச் சேர்ந்ததும் தபால் சேவையின் கடமை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து லயத்துக்குச் செல்லும் கடைசித் தூரத்துக்கு எவரும் பொறுப்பாளி இல்லை.

இந்த ஏற்பாடு பிரித்தானியர் காலத்தில் துரைமாரின் வசதிக்காகத் தோன்றியது. ஒவ்வொரு தோட்டமும் தனக்கென ஒரு தபால் கூலியை அமர்த்தி, அண்மையிலுள்ள தபாலகத்துக்கு நாள்தோறும் அனுப்பித் துரையின் கடிதங்களையும் பத்திரிகைகளையும் வரவழைத்தது. தொழிலாளருக்கு வந்த கடிதமும் அதே பையில் வந்து, அலுவலக மேசையில் பிரிக்கப்பட்டு, கங்காணியின் கையால் ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. களனிவெளி இரயில் பாதை 1903இல் யட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியபோது, கொழும்பிலிருந்து தபால் வரும் நேரம் சுருங்கியது. அலுவலக மேசைக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட தூரம் மட்டும் சுருங்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஒரே குடும்பத்தின் ஒரு பகுதி தமிழகத்துக்கும் மறுபகுதி தோட்டத்துக்குமாகப் பிரிந்த காலத்திலும், 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலிருந்து பலர் வேறிடங்களுக்குப் பெயர்ந்த காலத்திலும், உறவைத் தாங்கி நின்ற கடிதங்கள் யாவும் இந்த ஒரே மேசை வழியாகவே வந்தாக வேண்டியிருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் மேசை இடம் மாறவில்லை.

ஒரு கடிதம் இன்று செல்லும் வழியை உற்று நோக்கினால் குறை எங்கே நிகழ்கிறது என்பது தெளிவாகும். தபாலகத்தில் தோட்டத்தின் பெயரால் கட்டப்பட்ட கட்டு அலுவலகத்துக்கு வருகிறது; கிளாக்கர் அதைப் பிரிவு வாரியாகப் பிரித்து வைக்கிறார்; வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பிரட்டுக்கு வரும் கணக்கப்பிள்ளையோ, மருந்து வாங்க வந்த ஒருவரோ, பாடசாலை விட்டுத் திரும்பும் பிள்ளையோ தம் பிரிவுக்குரிய கடிதங்களைக் கொண்டு செல்கிறார்கள். ஒரே பிரிவில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம் என்பதால், உரியவரல்லாத ஒருவர் கடிதத்தைத் திறப்பதும், அவர் வேலை முடிந்து திருப்பித் தருவதற்குள் நாட்கள் கழிவதும் உண்டு. பால்வெட்டு நடைபெறாத மழை நாட்களில் பிரட்டுக்கு வருவோர் குறைவதால், கட்டு அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது. எவரும் திருடாமலும், எவரும் தீங்கு நினையாமலும், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அந்த நாள் கடந்த பின் வந்து சேர்வதற்கு இவ்வளவே போதுமானது. அடகு வைத்த நகையை மீட்கும் கெடு, நீதிமன்ற அழைப்பாணை, பல்கலைக்கழகப் பதிவுக்கான இறுதி நாள் ஆகிய எதுவும் கடிதம் தாமதித்தது என்பதற்காகக் காத்திருப்பதில்லை.

மொழியும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலரிடமிருந்து தமிழில் தொடர்பாடலைப் பெறும் உரிமையை அரசியலமைப்பு, 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தின் வழியாக, உறுதிசெய்துள்ள போதிலும், தமிழர் சிதறி வாழும் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வரும் அலுவலகக் கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்திலேயே வருகின்றன. கடிதம் கைக்குக் கிடைத்த பின், அதை வாசித்துச் சொல்ல இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

இத்தகைய நிலத்தில்தான் பொய்க் குறுஞ்செய்தி வந்து விழுகிறது. அண்மைக் காலமாக இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரால் கைத்தொலைபேசிகளுக்கு வரும் மோசடிச் செய்திகளைப் பற்றித் திணைக்களமே பொதுமக்களை எச்சரித்துள்ளது. முகவரி முழுமையாக இல்லாததால் பொதியை ஒப்படைக்க முடியவில்லை, கீழுள்ள இணைப்பை அழுத்தி முகவரியைத் திருத்திச் சிறு கட்டணத்தைச் செலுத்துக என்பதே இச்செய்திகளின் சாரம். இணைப்பை அழுத்தினால் தபால் திணைக்களத்தின் சின்னம் பொறித்த ஒரு பக்கம் திறக்கும். அது முதலில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும், பின்னர் வங்கி அட்டையின் இலக்கத்தையும், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும் கேட்கும். இறுதியில், கொடுக்கல் வாங்கலை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். கேட்கப்படும் கட்டணம் சிறியது என்பதாலேயே எச்சரிக்கை தளர்கிறது. எடுக்கப்படுவதோ கணக்கில் உள்ள தொகை. வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணி செய்யும் தாய் அனுப்பும் பணமும், கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் மகளின் சம்பளமும் வந்து சேர்வது அந்தக் கணக்குக்குத்தான்.

நகரத்தில் இலக்கமிட்ட வீட்டில் வாழ்பவருக்கு, முகவரி சரியில்லை என்னும் செய்தியே ஐயத்தை எழுப்பிவிடும். லயத்தில் வாழ்பவருக்கு அது உண்மையாகவே படும், ஏனெனில் அவருடைய முகவரி உண்மையிலேயே முழுமையற்றது, அவருக்கு வர வேண்டிய தபால் உண்மையிலேயே வராமல் போயிருக்கிறது. ஆகவே ஏமாந்தவரின் படிப்பறிவைக் குறைகூறுவது அநீதியாகும்; அவர் தம் அனுபவத்துக்குப் பொருந்திய ஒன்றையே நம்பினார்.

கேளாமல் மொத்தமாக வந்து குவியும் எரிதம் என்னும் மின்னஞ்சலின் வரலாறு இப்பொய்க் குறுஞ்செய்திகளினதைவிட நீண்டது. 1978 மே மாதத்தில் கேரி துவேர்க் என்னும் அமெரிக்கக் கணினி விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதே அதன் முதல் நிகழ்வாகக் கருதப்படுகிறது. இன்றைய மின்னஞ்சல் சேவைகள், முன்னர் எரிதமெனக் குறிக்கப்பட்ட மடல்களின் சொற்களையும் அனுப்புநரின் நம்பகத்தையும் கணக்கிட்டு வடிகட்டுகின்றன. ஆனால் அந்த வடிகட்டி சில வேளை உண்மையான மடலையும் எரிதக் கோப்புறைக்குள் தள்ளிவிடும். விண்ணப்பங்களும் அழைப்புகளும் மின்னஞ்சலுக்கு மாறிவரும் இக்காலத்தில் தோட்டத்து இளைஞர் பலர், நகரத்துக் கொமினிகேசன் கடையில் கடைக்காரரின் உதவியோடு மின்னஞ்சல் கணக்கைத் திறக்கிறார்கள். கடவுச்சொல் கடைக்காரரிடம் இருந்துவிடுகிறது, அல்லது மறந்துபோகிறது. அலுவலக மேசையிலிருந்து கடிதம் விடுபட்டாலும் அது மீண்டும் பிறர் கையிலேயே சிக்கியிருக்கிறது. கணக்கைத் தம் தொலைபேசியிலேயே திறந்து, கடவுச்சொல்லைத் தாமே எழுதி வைத்து, விண்ணப்பித்த காலத்தில் எரிதக் கோப்புறையையும் நாள்தோறும் பார்ப்பது இவ்விளைஞருக்கு இன்றியமையாதது.

வெளிநாட்டு வேலை தருவதாக வரும் செய்திகள் இன்னும் கொடியவை. கணினி வேலை என்று நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர் மியன்மாரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் செய்திகளை அனுப்புமாறு வதைக்கப்பட்டனர். வேலை உண்மையானதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் இலக்கத்தில் கேட்டறியாமல் கடவுச்சீட்டையோ பணத்தையோ எவரிடமும் கொடுத்தல் ஆகாது.

தபால் செய்தி ஒன்றைச் சோதிக்கும் வழி எளியது. இணைப்பில், தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதற் சாய்கோட்டைக் கண்டு, அதற்கு முன்னால் கடைசியாக நிற்கும் பகுதியை வாசிக்க வேண்டும். தபால் திணைக்களத்தின் இணையத்தளமாயின் அது 'கொவ் டொட் எல்கே' என்றே முடியும். 'எஸ்எல்போஸ்ட்' என்ற பெயர் முன்னால் எங்கே வந்தாலும், முடிவு வேறாக இருந்தால் அது பொய்யே. வெளிநாட்டிலிருந்து வரும் பதிவுத் தபாலுக்கும் பொதிக்கும் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து எனப் பதின்மூன்று குறிகள் கொண்ட எண் உண்டு. அதை எழுதிக்கொண்டு தபாலகத்திலேயே விசாரிக்கலாம். அட்டை விவரத்தை ஏற்கனவே கொடுத்துவிட்டவர், வெட்கத்தால் ஒரு நாளும் தாமதிக்காமல், முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையை முடக்கச் செய்து, பின்னர் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணிக்கு 101 என்னும் இலக்கத்தில் அறிவிக்க வேண்டும்.

எனினும் தனியாளின் விழிப்பு மட்டும் இச்சிக்கலைத் தீர்த்துவிடாது. 1874இல் நிறுவப்பட்ட உலகத் தபால் ஒன்றியம், முகவரியை ஒவ்வொருவருக்கும் உரிய அடிப்படைக் கட்டமைப்பாகவே கருதுகிறது. கொல்கத்தாவின் சேரிகளில், புவி ஆயங்களிலிருந்து உருவாக்கிய குறியீட்டெண்களைக் குடிசைக் கதவுகளில் ஒட்டி முகவரி வழங்கிய முயற்சி, வீதிப் பெயர் இல்லாத இடத்திலும் இது இயலும் என்பதைக் காட்டியது. லயத்துக்கு ஓர் இலக்கம், காம்பராவுக்கு ஓர் இலக்கம், பிரிவின் நுழைவாயிலில் பூட்டுடன் கூடிய தபாற் பெட்டி வரிசை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் தோட்டங்களுக்குப் பணியாற்றத் தடையாக இருந்த 33ஆம் பிரிவும் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே தெரணியகலை, யட்டியாந்தோட்டை, பலாங்கொடை, கொடகவெலப் பகுதிகளின் பிரதேச சபைகள், தோட்ட நிர்வாகங்களையும் தபால் அதிபர்களையும் அழைத்துப் பேசி, லயங்களுக்கு இலக்கமிடும் வேலையை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே தொடங்க வேண்டும்.