விளையாட்டு ஆடையும் ஒரு கல்வியே



நம் பள்ளி விளையாட்டுப் போட்டியின்போது திடலைச் சுற்றி ஓடி முடித்ததும் உங்கள் சட்டையைக் கவனித்ததுண்டா? பருத்திச் சட்டையாயின் வியர்வையில் நனைந்து, கனத்து, முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பாலிஸ்டர் உடையோ சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். இவ்வேற்றுமை எதனால் உண்டாகிறது? இதனை ஆராய்ந்து, விளையாட்டுக்கு ஏற்ற துணியை உருவாக்குவதே ஒரு தனிக் கல்வியாகவும் தொழிலாகவும் வளர்ந்துள்ளது.

பருத்தி இழை நீரைத் தன்னுள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் அறிவியலார் இருவர் உருவாக்கிய பாலிஸ்டர் இழையோ நீரை மிகச் சிறிதளவே ஏற்கும். ஆயினும், தக்க முறையில் பின்னப்பட்ட துணியில், இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் வியர்வை வெளிப்புறம் சென்று பரவுகிறது. பரவிய நீர் விரைந்து ஆவியாகும். அப்போது உடலின் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்லும்.

இனி, துணி நீண்டு சுருங்குவது எவ்வாறு? பாவும் ஊடுமாக நெய்த துணி அதிகம் நீளாது. கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி நன்றாக நீளும். அத்துடன் மீள்தன்மை மிக்க இழையைச் சேர்த்தால், ஆடை உடலின் அசைவுக்கு இணங்கும். இதில் நம் தோட்ட மக்களுக்கும் ஓர் உறவுண்டு. நம் தாத்தா பாட்டியர் விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த இரப்பர்ப் பாலிலிருந்தும் இத்தகைய நூல் செய்யப்பட்டது. இன்றும் மலேசியாவில் செய்யப்படுகிறது. ஆனால் வியர்வையும் வெயிலும் எண்ணெயும் இரப்பர் நூலை நலிவுறச் செய்யும். எனவே 1958ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலார் ஜோசப் சிவர்சு ஸ்பாண்டெக்ஸ் என்னும் செயற்கை இழையை உருவாக்கினார். நீச்சல் உடையிலும் ஓட்டக்காரர் உடையிலும் அது இடம்பெற்றுள்ளது.

ஆடையின் ஆற்றலுக்கு 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கே சான்று. உடலை இறுக்கி மூடிய ஒரு புதுவகை நீச்சல் உடையை அணிந்தோர் பல உலகச் சாதனைகளை முறியடித்தனர். அவ்வுடைக்கான துணிகளின் உராய்வு, நாசா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டிருந்தது. வெற்றி வீரருடையதா, உடையினுடையதா என்ற வினா எழுந்தது. 2010ஆம் ஆண்டு முதல் அத்தகைய உடைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. வடிவமைப்பாளருக்கு அறிவுடன் நேர்மையும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இத்துறையில் சேர விரும்புவோர் இடைநிலைப்பள்ளியில் ஓவியத்துடன் வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றையும் ஊன்றிப் படித்தல் நலம். பின்னர்ப் பட்டயப் படிப்பிலோ பட்டப் படிப்பிலோ இழை, நூல், நெசவு, பின்னல், சாயம், அச்சு, கணினி வரைவு ஆகியவற்றைக் கற்கலாம். துணியை நீட்டியும் தேய்த்தும் துவைத்தும் சோதிக்கும் பயிற்சியும் உண்டு. படித்தோர் துணி வடிவமைப்பாளராகவோ, ஆய்வுக்கூடச் சோதனையாளராகவோ, ஆடை மாதிரி வெட்டுநராகவோ, தரக் கண்காணிப்பாளராகவோ பணியாற்றலாம். தொடக்கத்தில் சிறு பணியே கிடைக்கலாம். அதனை இழிவாகக் கருதலாகாது. குழுச் சட்டைகளில் பெயரும் எண்ணும் அச்சிடும் சிறு கடையும் இத்தொழிலின் ஒரு படியே.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஏட்டின் ஓரத்தில் ஓவியம் வரைந்தால், "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். தையல் பெண்களுக்கே உரியது என்று மகனையும், தொழிற்சாலை வேலை ஆண்களுக்கே உரியது என்று மகளையும் தடுத்துவிடாதீர்கள். அதே வேளையில், கல்லூரி விளம்பரத்தைக் கண்டு மயங்கிப் பணம் கட்டிவிடவும் வேண்டா. அப்படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா, மொத்தக் கட்டணம் எவ்வளவு, கல்விக் கடன் கிடைக்குமா என்று முன்னரே விசாரித்துத் தெளிவது கடமையாகும்.

ஓடுபவனுக்கு வியர்வையை உலர்த்தும் துணி, வெயிலில் உழைக்கும் தொழிலாளிக்கும் பயன்படும். தந்தையின் நனைந்த சட்டையைக் கண்டு, "இதனினும் நல்ல துணி செய்ய இயலாதா?" என்று எண்ணும் பிள்ளை எவனோ, எவளோ, அப்பிள்ளையே இத்துறைக்கு உரிய மாணவன், உரிய மாணவி.