அன்றைய ஆட்டத்தின் நாயகன் யார்?

1959ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி இரவு. அமெரிக்காவின் மில்வோக்கி நகர மைதானத்தில் அந்நகர அணியும் பிற்ஸ்பர்க் அணியும் பேஸ்போல் ஆடிக்கொண்டிருந்தன. பிற்ஸ்பர்க் அணிக்காகப் பந்தெறிந்தவர் ஹாவி ஹடிக்ஸ் என்பவர். தடிமனும் உடல்நோவும் அன்று அவரை வருத்தின. ஆயினும், எதிரணியார் 36 முறை துடுப்பெடுத்து வந்தும் ஒருவரேனும் முதல் தளத்தை மிதிக்கவில்லை. வந்தவர் வந்தவாறே திரும்பினர். ஈற்றில் ஆட்டம் 1-0 என முடிந்தது. தோற்றவர் ஹடிக்ஸ்!

அன்றைய தினத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என வினவினால், வாசகர்களே, நீங்கள் யாரைச் சுட்டுவீர்கள்? வென்றவரையா, தோற்றவரையா?

கிரிக்கெட் அறிந்த நமக்கு இவ்வாட்டத்தை விளங்கிக்கொள்வது அரிதன்று. பந்தெறிவாளர் பந்தை நிலத்திற் படாமல் எறிகிறார். துடுப்பாட்டக்காரர் அதனை அடித்துவிட்டு ஓடி, மூன்று தளங்களையும் கடந்து, புறப்பட்ட இடத்துக்கு மீண்டால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்ததும் மறு அணியின் முறை வரும். இவ்வாறு அணிக்கு 9 இன்னிங்ஸ். சமநிலையில் நின்றால் ஆட்டம் மேலும் நீளும். எதிரணியின் 27 பேரையும் முதல் தளத்தை அடையவிடாது ஆட்டமிழக்கச் செய்வதைக் குறையற்ற ஆட்டம் என்பர். அதன் அருமையை எண்ணிப் பாருங்கள்: ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றில், 2023ஆம் ஆண்டு நிகழ்ந்ததுதான் 24ஆவது.

இன்று அங்குள்ள பெரிய லீக்குகளில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஆறு மாத காலத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. எல்லா அணிகளும் ஆடும் நாளில் 15 ஆட்டங்கள் நிகழும். வாரத்தின் சிறந்தவருக்கும் மாதத்தின் சிறந்தவருக்கும் லீக்குகளே பரிசு வழங்குகின்றன. நேஷனல் லீக்கின் மாதப் பரிசு 1958ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. நாளின் நாயகனைத் தெரிவதோ பெரும்பாலும் பத்திரிகைகளுக்கும் இரசிகர்களுக்கும் உரிய இன்பம். நூற்றுக்கணக்கானோருள் ஒருவரைத் தெரிய வேண்டும். மறுநாள் மீண்டும் தெரிய வேண்டும்.

இத்தெரிவுக்குக் கருவியை அளித்தவர் கிரிக்கெட்டோடு தொடர்புடையவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. இங்கிலாந்தின் எக்ஸெற்றர் நகரில் 1824ஆம் ஆண்டு பிறந்த ஹென்றி சட்விக், சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, நியூயோர்க்கில் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றி எழுதும் நிருபராக விளங்கினார். பின்னர் பேஸ்போலில் மனம் ஈடுபட்டு, 1859ஆம் ஆண்டில் ஆட்டப் பெறுபேற்று அட்டவணையை வகுத்தார். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அவ்வரியிலே அவர் அன்று செய்தது எல்லாம் எண்களாய் நிற்கும். ஆட்டத்தைக் காணாதவரும் மறுநாட் காலையில் அதனைப் படித்து நடுவராய் அமரலாம்.

சில நாட்களில் நடுவருக்கு வேலையே இல்லை. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் திகதி, மயாமி நகரில், லொஸ் ஏஞ்சல்ஸ் அணியின் ஜப்பானிய வீரர் ஷொஹெய் ஒஹ்தானி ஆறு முறை துடுப்பெடுத்து ஆறு முறையும் வெற்றிகரமாக அடித்தார். அவற்றுள் மூன்று, எல்லைக்கு அப்பாற் சென்ற ஹோம் ரன்கள். தம் அணிக்குப் 10 ஓட்டங்களை ஈட்டிக் கொடுத்ததோடு, பந்தெறிவாளர் அயர்ந்த வேளை பார்த்து இரண்டு தளங்களைக் களவாகவும் பற்றினார். ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன்களும் 50 தளக் களவுகளும் கண்ட முதல்வர் என்ற புகழும் அன்றே அவரை அடைந்தது. இத்தகைய நாளில் யார் வேறொருவரைச் சொல்வார்?

ஆனால் அட்டவணை சொல்லாத உண்மைகளும் உள. 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி, வேர்ல்ட் சீரீஸ் எனப்படும் இறுதித் தொடரில், நியூயோர்க் யாங்கீஸ் அணியின் டொன் லார்சன் புரூக்ளின் அணிக்கு எதிராகக் குறையற்ற ஆட்டம் ஆடினார். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில் 21 தோல்விகளைச் சுமந்தவர் இவர். தம் வாழ்நாளிலும் வென்றதைவிடத் தோற்றதே மிகுதி. எனினும் அந்நாள் அவருடையது. அவருடையது மட்டுமா? ஐந்தாம் இன்னிங்ஸில் எதிரணியார் தொலைவுக்கு அடித்த பந்தொன்றை மிக்கி மான்ரில் நெடுந்தூரம் ஓடி ஏந்தாவிடின், குறையற்ற ஆட்டம் அங்கேயே குலைந்திருக்கும். அட்டவணையில் அது வெறும் ஓர் ஆட்டமிழப்பு.

நாளின் நாயகன் வேறு, பருவத்தின் நாயகன் வேறு என்பதையும் மறத்தலாகாது. 1941ஆம் ஆண்டில் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஓர் அடியேனும் அடித்துச் சாதனை படைத்தார். இன்றுவரை எவரும் அதனை எட்டவில்லை. அந்த 56 ஆட்டங்களுள் 34இல் அவர் அடித்தது ஒரேயோர் அடி. அந்நாட்களைத் தனித்தனியே எடுத்தால், அவற்றுட் பலவற்றில் நாயகன் பட்டம் அவருக்குக் கிடைத்திராது. தவறாது வருபவன் நாட்கணக்கில் மறைந்து நின்று, ஆண்டுக்கணக்கில் வெளிப்படுகிறான்.

இத்தெரிவைக் கணிதத்தால் தீர்க்க முயன்றோரும் உளர். மில்ஸ் சகோதரர் இருவர் 1969ஆம் ஆண்டுப் பருவத்தின் ஆட்டங்களைக் கணினி கொண்டு ஆராய்ந்தனர். ஒரு செயலுக்கு முன் அணியின் வெற்றி வாய்ப்பு எவ்வளவு, பின் எவ்வளவு? அவ்வேறுபாடே செயலின் பெறுமதி என்றனர். பத்து ஓட்டங்கள் முன்னணியில் நிற்கும்போது அடித்த ஹோம் ரன்னும், சமநிலையில் இறுதி இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னும் இக்கணக்கில் ஒன்றாகா. அறிவுக்கு ஒத்த அளவுகோல்தான். எனினும் பந்தெறிவாளரின் பங்கு எது, பாய்ந்து பிடித்தவரின் பங்கு எது எனப் பிரித்தறிய அது மட்டும் போதாது.

இனி மில்வோக்கிக்கு மீள்வோம். 12 இன்னிங்ஸ்வரை குறையின்றி எறிந்தார் ஹடிக்ஸ். 13ஆம் இன்னிங்ஸில் அவர்தம் அணியினர் ஒருவரின் களத் தவறால் எதிரணியார் ஒருவர் முதல் தளம் அடைந்தார். பின் இரண்டாம் தளத்துக்கு நகர்ந்தார். ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே முதல் தளத்தை விட்டுக்கொடுத்தனர். அடுத்து வந்த ஜோ அட்கொக் ஓங்கி அடித்தார், ஆட்டம் முடிந்தது. ஹடிக்ஸ் அன்று வழங்கிய அடி அது ஒன்றே.

வென்ற பந்தெறிவாளர் லூ பேர்டெட்டும் எளியவரல்லர். 12 அடிகள் பட்டும் 13 இன்னிங்ஸிலும் ஓர் ஓட்டமும் கொடாது நின்றார். வெற்றி அவர் கணக்கில் எழுதப்பட்டது. ஹடிக்ஸுக்கோ பின்னும் ஓர் இழப்பு நேர்ந்தது. 1991ஆம் ஆண்டில், இறுதிவரை அடியே வழங்காத ஆட்டங்கள் மட்டுமே அப்பட்டியலில் இடம்பெறும் என லீக் நிர்வாகம் விதி வகுத்தது. ஏறத்தாழ 50 ஆட்டங்கள் நீக்கப்பட்டன. ஹடிக்ஸின் ஆட்டமும் அவற்றுள் ஒன்று.

விதி விதிதான், அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும் நாளின் நாயகனைத் தெரிபவர் வெற்றி தோல்வியை மட்டும் நோக்குவாராயின், அவருக்கு அட்டவணையும் வேண்டியதில்லை, கண்ணும் வேண்டியதில்லை. ஒருவர் கையில் இருந்தது என்ன, அதைக் கொண்டு அவர் செய்தது என்ன என்பதே வினா. தம் அணியினர் ஓட்டம் பெறாமை ஹடிக்ஸின் கையில் இருந்ததன்று. பந்து இருந்தது, அதனை 36 முறை பிழையின்றி ஆண்டார்.

ஆகவே அன்றைய நாயகனாக நாம் தெரிவது தோற்ற ஹடிக்ஸையே. பேர்டெட்டை அவருக்கு அடுத்து நிறுத்துவோம். மாறுபடும் வாசகர்கள் தம் வீட்டாரோடு இதனை வாதிட்டுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு அதுவும் நல்லதொரு விளையாட்டே.