கல்யாண ஆல்பத்தில் சிவப்பு ஏன் மங்குகிறது?

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அரக்குச் சிவப்பாகத் தெரிந்த முகூர்த்தப் பட்டு, ஆல்பம் கைக்கு வரும்போது செங்கல் நிறமாகியிருக்கும். வடசேரி நகையின் கெம்புக் கல்லுக்கும், தோவாளை மாணிக்கமாலையின் அரளிச் சிவப்புக்கும் அதே கதிதான். கேட்டால், "பிரிண்ட்ல இப்படித்தான் வரும்" என்பார்கள். அந்தப் பதிலோடு திரும்பி வர வேண்டியதில்லை.

படத்தில் நிறம் எண்ணாகத்தான் பதிவாகிறது. அந்த எண்ணுக்கு என்ன நிறம் என்று சொல்வது, கூடவே இருக்கும் கலர் புரொஃபைல். ஃபோனும் பெரும்பாலான லேப்களும் எதிர்பார்ப்பது 1996-இல் வந்த எஸ்ஆர்ஜிபி. எடிட்டிங்கில் பலர் வைத்திருப்பது அதைவிட விரிந்த புரோஃபோட்டோ. எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்று எழுதப்படும் தனிச்சிவப்பு, புரோஃபோட்டோவில் ஏறக்குறைய 179, 70, 26. புரொஃபைல் இல்லாமல் இந்த எண்கள் மட்டும் வெளியே போனால், வாங்கும் கருவி அவற்றை எஸ்ஆர்ஜிபி என்றே படிக்கும். 179, 70, 26 என்பது அங்கே அசல் செங்கல் நிறம். பட்டின் சிவப்பு தொலைவது இந்த இடத்தில்தான்.

பரிகாரம் எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே இருக்கிறது: 'கன்வெர்ட் டு எஸ்ஆர்ஜிபி', 'எம்பெட் கலர் புரொஃபைல்' இரண்டையும் டிக் செய்ய வேண்டும். 'அசைன் புரொஃபைல்' என்பது வேறு. அது எண்களை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும். நிறம் இன்னும் கெடும். எடிட் செய்யும் மானிட்டரையும் கருவி வைத்துக் காலிபரேட் செய்திருக்க வேண்டும்.

ஒளிரும் திரைக்கும் தாளில் படியும் மைக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். ஃபோனில் 'விவிட்' என்ற அமைப்பு இருந்தால் நிறத்தைக் கூட்டியே காட்டும். அதற்கு ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்வது நியாயமல்ல. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை வைத்தும் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்: எஸ்ஆர்ஜிபி புரொஃபைலோடு முழு அளவுப் படங்கள் பென் டிரைவில் வேண்டும், ஆல்பம் அடிக்கும் முன் பட்டும் முகமும் தெரியும் ஒரு சாம்பிள் பிரிண்ட் வேண்டும். சேலையைக் கையோடு கொண்டுபோய் சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பில்லும் கட்டாயம் கேளுங்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நீங்களே என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம்.

ஒத்துக்கொண்டபடி வேலை நடக்கவில்லை என்றால் அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் புகார் கொடுத்து மறு பிரிண்ட் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால், குமரி மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஸ்டுடியோ திருவனந்தபுரத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில், எழுதி வாங்கிய தாள், சாம்பிள் பிரிண்ட், பென் டிரைவ் நான்கும் அதுவரை பத்திரமாக இருக்கட்டும்.