ஒன்பதாம் எண் எங்கே?

1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள். லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஹங்கேரியும் கால்பந்து ஆடின. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியேயிருந்து வந்த எந்த நாடும் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் அதுவரை வென்றதில்லை. ஆனால், முதல் நிமிடம் முடியுமுன்பே ஹங்கேரி ஒரு கோல் போட்டுவிட்டது. முடிவில் 6–3 என்று வென்றது. ஹங்கேரியர் திறமைசாலிகள், 1952 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்கள். எனினும் திறமை மட்டுமே காரணமன்று. அவர்கள் நின்ற இடங்களும் ஒரு காரணம். அது எப்படி என்று பார்ப்போம்.

சர்வதேசப் போட்டிகளுக்கு இன்று வழக்கமாக உள்ள மைதானம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. அதாவது 7,140 சதுர மீட்டர். கோல்காப்பாளர் நீங்கலாக ஓர் அணியில் பத்துப் பேர். சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 714 சதுர மீட்டர்! இவ்வளவு இடத்தை ஒருவர் காப்பது இயலாது. ஆகவே எந்த இடத்தைக் காப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்குப் பெயர்தான் அணிவகுப்பு.

1925இல் ஆப்சைடு விதி மாறியது. தாக்குபவருக்கும் எதிரணியின் கோல் கோட்டிற்கும் இடையே மூன்று எதிராளிகள் இருக்க வேண்டும் என்பது போய், இருவர் போதும் என்றாயிற்று. கோல்கள் பெருகின. இதைச் சமாளிக்க, நடுவில் ஆடிய ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் தடுப்பாளராக நிறுத்தினார்கள். இவ்வாறு பிறந்ததுதான் 3–2–2–3 என்ற வகுப்பு. பின்னாலிருந்து முன்னோக்கி எண்ண வேண்டும்.

இரு அணிகளும் இப்படியே நின்றால், பல்சக்கரங்கள் கவ்வுவதுபோல் ஒருவருக்கொருவர் சரியாகப் பொருந்திவிடுவர். எதிரணியின் மூன்று முன்னணியினருக்கு நம் மூன்று தடுப்பாளர்கள். 9ஆம் எண் அணிந்த சென்டர் பார்வர்டுக்கு நடுத் தடுப்பாளர் காவல். வெம்பிளியில் அந்தக் காவற்பணி ஹாரி ஜான்ஸ்டனுக்கு.

ஆனால் ஹங்கேரியின் 9ஆம் எண்ணான ஹிடெக்குட்டி முன்னே நிற்கவில்லை! பின்வாங்கி நடுக்களத்தில் உலவினார். புஷ்காஷும் கோச்சிஷும் அவரைத் தாண்டி முன்னேறினர். ஜான்ஸ்டன் என்ன செய்வார்? ஹிடெக்குட்டியைத் தொடர்ந்து போனால், கோலுக்கு முன்னால் பெரிய வெற்றிடம் உண்டாகும். அதில் மற்ற இருவரும் புகுவர். இருந்த இடத்திலேயே நின்றால், ஹிடெக்குட்டியைத் தடுப்பார் இல்லை.

நின்றால் என்ன நேரும் என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம். இருவருக்கும் இடையே 12 மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடினால், தடுப்பாளர் வந்துசேர 2 வினாடி ஆகும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் உதைத்த பந்து அதே 2 வினாடியில் 30 மீட்டர் சென்றுவிடும். ஓடும் மனிதனைவிடப் பந்து விரைவானது. இடைவெளி என்பது மறைமுகமாக நேரமே. தேர்ந்த ஆட்டக்காரருக்கு 2 வினாடி என்பது பெருஞ்செல்வம். பந்தை அடக்கி, தலைநிமிர்ந்து பார்த்து, வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடலாம்.

அன்று ஹிடெக்குட்டி மூன்று கோல் போட்டார். ஜான்ஸ்டன் அதற்குப் பின் இங்கிலாந்துக்காக ஆடவேயில்லை. குற்றம் அவருடையதா? போனாலும் நட்டம், நின்றாலும் நட்டம் என்ற நிலையில் தனிமனிதனின் ஓட்டத்தால் விடை காண முடியாது. விடை காண வேண்டியது பத்துப் பேரின் வகுப்பு. 1954 மே மாதம் புடாபெஸ்டில் மீண்டும் மோதியபோது ஹங்கேரி 7–1 என்று வென்றது.

அடுத்த முறை கால்பந்து பார்க்கும்போது, ஐந்து நிமிடம் பந்தைப் பாராமல், பந்து இல்லாத ஒருவரை மட்டும் கவனியுங்கள். அவர் நகரும்போது யார் உடன் நகர்கிறார், எங்கே இடம் காலியாகிறது என்பதைத் தாளில் குறியுங்கள். ஆட்டம் புதிதாகத் தெரியும்.

வெம்பிளியில் தோற்ற அணியில் ஆல்ப் ராம்சே என்ற தடுப்பாளரும் இருந்தார். அவருக்கும் அதுவே இங்கிலாந்துக்காக ஆடிய கடைசி ஆட்டம். பின்னர் அவர் பயிற்சியாளரானார். வழக்கமான ஓர ஆட்டக்காரர்கள் இல்லாத புதிய வகுப்பை அமைத்தார். 1966இல், அதே வெம்பிளியில், இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது.