தாய்வழிச் சொத்துக்கு நேரும் சேதம்

வீராணத்து ஏரிப் பாய்ச்சலில் நெல் விளையும் வயல்களைக் கடந்து சிதம்பரத்துக்கு வந்து, ரயில் நிலையத்துக்குக் கிழக்கே அண்ணாமலை நகருக்குள் நுழைகிறவர்களுக்கு, 1929ஆம் ஆண்டில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஸ்தாபித்த பல்கலைக்கழகத்தின் தமிழ்த் தொண்டும் சங்கீதத் தொண்டும் நினைவுக்கு வருமேயன்றி, அங்குள்ள உயிர்வேதியியல் துறையில் எலிகளுக்கு விஷத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, அவை தளர்ந்து தடுமாறுவதைக் குறித்துவைத்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வருவது அபூர்வம்.

அந்த விஷங்களுள் ஒன்று ரோட்டினோன். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த சில வெப்பமண்டலக் கொடிகளின் வேரில் இருப்பது. மீனை மயக்கிப் பிடிக்கவும் பயிர்ப் பூச்சிகளைக் கொல்லவும் பல தேசத்தாரும் பிரயோகித்து வந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து விஞ்ஞானிகள் இதை எலிகளின் ரத்தத்தில் நாள்தோறும் சிறிதளவு செலுத்திவந்தபோது, முதுமையில் நடுக்கமும் விறைப்புமாக மனிதரைப் பீடிக்கும் பார்க்கின்சன் வியாதியின் லட்சணங்கள் அவற்றில் தோன்றின. சிதம்பரத்தில் பேராசிரியர் தமிழரசன் மணிவாசகமும் அவருடைய குழுவினரும் இத்தகைய விஷங்களால் விளையும் கேட்டை, வல்லாரையிலுள்ள ஏஷியாட்டிக் அமிலம் முதலான தாவரச் சத்துக்கள் தணிக்குமா என்று பிராணிகளிலும் பரிசோதனைச் சாலையில் வளர்த்த அணுக்களிலும் பரீட்சித்து, ஓரளவு தணிக்கின்றன என்று கண்டார்கள்.

ரோட்டினோன் தாக்கும் இடம் மைட்டோகாண்டிரியா. பள்ளிப் புத்தகங்களில் இழைமணி என்று படித்திருப்போம். ரத்தச் சிவப்பணுக்கள் நீங்கலாக நம் சரீரத்தின் ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் இருந்துகொண்டு, உண்ட உணவையும் சுவாசித்த பிராணவாயுவையும் கொண்டு நாம் இயங்குவதற்கான சக்தியை உண்டாக்கும் நுண்ணிய உறுப்புக்கள் இவை. இவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. அணுவின் உட்கருவில் இருக்கும் பெரிய டி.என்.ஏ.வைத் தவிர, இவற்றுக்கென்றே தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. இருக்கிறது, 1963இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் என்னும் தம்பதியர் அதைக் கோழிக் கருவின் அணுக்களில் கண்டு சொன்னார்கள், 1981இல் கேம்பிரிட்ஜில் மனிதனுடையதை முழுவதும் வாசித்து, அதில் 16,569 எழுத்துக்களும் 37 மரபணுக்களும் உள்ளன என்று அறிவித்தார்கள். தகப்பனுக்கு இதில் பங்கில்லை. தாயிடமிருந்தே ஆணும் பெண்ணும் பெறுகிறார்கள், பெண் மட்டுமே அதை அடுத்த சந்ததிக்குக் கொடுக்கிறாள்.

இவ்வளவு சிறிய சொத்துக்குப் பாதுகாப்போ மிகக் குறைவு. சக்தி உற்பத்தியின்போது சிதறும் உக்கிரமான பிராணவாயுத் துணுக்குகள் அதன் அருகிலேயே பிறக்கின்றன. உட்கருவுக்கு வாய்த்த பழுதுபார்க்கும் ஏற்பாடுகளில் சில இங்கே கிடையா. அன்றியும், அணு பிரியாமல் இருக்கும் காலத்திலும் இந்த டி.என்.ஏ. ஓயாமல் பிரதி எடுக்கப்படுவதால் பிரதிப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. 2004இல் ஸ்வீடன் தேசத்தில், இந்தப் பிரதிப் பிழைகளைத் திருத்தும் திறனை வேண்டுமென்றே கெடுத்து வளர்த்த சுண்டெலிகள், ரோமம் உதிர்ந்து, முதுகு கூனி, இருதயம் வீங்கி, ஆயுளில் பாதியைக் காணுமுன்பே கிழடு தட்டின.

ஆனாலும் ஓரணுவுக்குள் இந்த டி.என்.ஏ. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பிரதிகளாக இருப்பதால், ஒன்றிரண்டு கெட்டதும் வியாதி வந்துவிடுவதில்லை. விதைநெல்லில் கொஞ்சம் பதர் கலந்திருந்தால் வயல் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை, பதரே மிகுந்துவிட்டால்தான் பயிர் திட்டுத்திட்டாகத் தெரியும். அதுபோலவே கெட்ட பிரதிகள் பொதுவாக 60 முதல் 90 சதவீதம் என்னும் எல்லையைத் தாண்டிய பிறகே அவயவம் தளர்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் படுக்கையில் கிடக்க இன்னொருவர் திடகாத்திரமாக நடமாடும் விந்தைக்குப் இந்த டி.என்.ஏ. கெட்டு வரும் வியாதிகள் உள்ள பல குடும்பங்களில் இதுவே காரணம். தாக்கப்படுவனவும் சக்தியை மிகுதியாகச் செலவிடும் இடங்களே: கண், காது, மூளை, இருதயம், தசை.

1871இல் ஜெர்மானிய வைத்தியர் லேபர் விவரித்த, வாலிபர்களின் பார்வையைச் சில வாரங்களில் பறித்துவிடும் கண் நரம்பு வியாதிக்குப் பல குடும்பங்களில் இந்த டி.என்.ஏ.யின் 11,778ஆம் இடத்தில் ஓரெழுத்து மாறியதே காரணம் என்பது, ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்று 1988இல்தான் தெரியவந்தது. 3,243ஆம் இடத்து மாற்றம் நீரிழிவையும் செவிட்டுத்தன்மையையும் சேர்த்தே கொண்டுவரக் கூடியது. நீரிழிவு மலிந்த நம் நாட்டில் அதற்குச் சர்க்கரையும் சோறும் மட்டுமே பழியேற்பதால், தாயாருக்கும் காது மந்தமா என்று கேட்பார் அதிகம் இல்லை.

வயதாக ஆகச் சேரும் சேதம் வேறு. மூளையில் பார்க்கின்சன் வியாதி முதலில் அழிக்கும் கருமைப் பகுதியின் நரம்பணுக்களில், இந்த டி.என்.ஏ.யின் பெரிய துண்டுகளே காணாமற்போயிருப்பதை 2006இல் பாஸ்டனிலும் நியூகாசிலிலும் இரு குழுவினர் தனித்தனியே கண்டார்கள். அந்நோயால் இறந்தோரின் மூளையில் அதே இடத்து அணுக்களில் காணும் சேதத்தை ரோட்டினோன் ஏற்றிய எலிகளிலும் கண்டதாக 2014இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து விஞ்ஞானிகள் எழுதினார்கள். இந்த விஷம், மைட்டோகாண்டிரியாவில் சக்தியை உண்டாக்கும் சங்கிலியின் முதற்கண்ணியை அடைக்கிறது. அடைபட்ட இடத்தில் உக்கிரத் துணுக்குகள் பெருகி டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன, அந்தக் கண்ணியின் ஏழு உறுப்புக்களைச் செய்வதற்கான குறிப்பு அந்த டி.என்.ஏ.யிலேயே இருப்பதால், சேதம் சேதத்தை வளர்க்கிறது.

சிதம்பரத்து ஆராய்ச்சியை இந்த இடத்தில் வைத்துத்தான் மதிக்க வேண்டும். அது உண்மையான வேலை. ஆனால் எலிக்குத் தணிந்தது மனிதனுக்குத் தணியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. வல்லாரைப் பொடியையும் மஞ்சள் மாத்திரையையும் முதுமையை விரட்டும் ஔஷதங்களாக விற்பவர்கள் இத்தகைய கட்டுரைகளைக் காட்டி வியாபாரம் செய்வது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. ஸ்வீடன் தேசத்துச் சுண்டெலிகளில் உக்கிரத் துணுக்குகள் பெருகாமலே மூப்பு வந்துவிட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை. வல்லாரைத் துவையல் ருசியானது. அதற்காகவே அதைச் சாப்பிடலாம்.

நம் கையில் இருப்பது, சேதத்தை வரவழைத்துக்கொள்ளாமல் இருப்பது. ரோட்டினோனையோ பாராக்வாட் என்னும் களைக்கொல்லியையோ கையாண்டவர்களுக்குப் பார்க்கின்சன் வியாதி ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதி என்று 2011இல் அமெரிக்க விவசாயக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கடலூர் மாவட்டத்து நெல் வயல்களிலும் கரும்புக் கொல்லைகளிலும் மருந்து அடிக்கிறவர்கள் வெறுங்கையால் கலக்காமலும், காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காமலும், நனைந்த சட்டையோடு சாப்பிட உட்காராமலும் இருக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுப்பது கூலிக்கு அமர்த்துகிற மிராசுதாரின் கடமை.

இன்னொன்றும் உண்டு. இந்த டி.என்.ஏ.யின் 1,555ஆம் இடத்தில் மாற்றம் உள்ளவர்களுக்கு ஜென்டாமைசின், ஸ்டிரெப்டோமைசின் முதலிய மருந்துகளை ஊசி வழியே கொடுத்தால், வழக்கமான அளவே காதைச் செவிடாக்கிவிடலாம் என்பது 1993இல் நிரூபணமாயிற்று. ஆகையால் தாயார், தாய்வழிப் பாட்டி, மாமன், சித்தி ஆகியோரில் எவருக்கேனும் இத்தகைய ஊசிக்குப் பின் காது போயிருந்தால், அந்த விஷயத்தை ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.